ஸ்வர்ணலதா ஹிட்ஸில் இல்லாத இரண்டு வரிகள்

அம்மாவிடம் ஒரு கேசட் இருந்தது. அதில் பி சைடின் கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். பாட்டு முடிந்து நிற்காது, டேப் முடிந்து நிற்கும். உன்னி மேனன் ஒரு வரியை இழுத்துக்கொண்டிருக்கும்போது ‘டக்’கென்று பிளேயரின் பட்டன் மேலே எழும்பும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்த ‘டக்’கும் பாட்டில் ஒரு பகுதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சன் டிவியில் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டபோது, அது அங்கே நிற்காமல் தொடர்ந்து போனது எனக்குத் தப்பாகப் பட்டது.

அந்தக் கேசட் கடையில் வாங்கியது இல்லை, பதிவு செய்தது. 1999 என்று நினைக்கிறேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஆறடிக்கு ஆறடி கூட இருக்காது. மூன்று பக்கச் சுவரிலும் கேசட். நாம் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து, அட்டையில் பச்சை மசியில் பாட்டின் பெயரெல்லாம் எழுதி வைத்திருப்பார் அந்த அண்ணன். பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு பிடிக்கும். கொஞ்சம் நீளமான பாட்டு இரண்டு சேர்ந்துவிட்டால் ஆறாவது பாட்டு பாதியில் போகும். “இது முழுசா வராதுக்கா, எடுத்துட்டு வேற போடவா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா, “வர்ற வரைக்கும் வரட்டும் தம்பி” என்றாளாம்.

அந்தப் பாட்டு ‘உயிரே’ படத்தின் ‘பூங்காற்றிலே’. 1998-ல் வந்த மணி ரத்னம் படம், ரஹ்மான் இசை. பாட்டு உன்னி மேனனுடையது என்றுதான் யாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதில் ஒரு பெண் குரல் வரும். கொஞ்ச நேரம்தான். இரண்டு வரி. அந்தக் குரல் வந்து போன பிறகு பாட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

அந்த இரண்டு வரிக்காகத்தான் அம்மா அந்தப் பாட்டைப் பட்டியலில் எழுதினாள். ஏனென்றால் அவள் பதிவு செய்யச் சொன்னது ஸ்வர்ணலதா கேசட்.

*

அம்மா செய்யாறு பக்கம். கல்யாணமாகி அம்பத்தூர் மேனாம்பேட்டுக்கு வந்தாள். அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். எனக்கு ஆறு வயதானபோது அம்மாவும் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ‘எக்ஸ்போர்ட்’. “எங்க வேலை செய்றீங்க?” “எக்ஸ்போர்ட்ல.” எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகும் சட்டை தைக்கும் இடம், அவ்வளவுதான். முதலில் ஹெல்பர், பிறகு ஓவர்லாக் மெஷின், கடைசிப் பத்து வருடம் செக்கிங்.

செக்கிங் என்றால் தைத்து வரும் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு, தையல் விட்டுப்போனது, அளவு கோணியது எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குவது. அம்மாவுக்கு அதில் ஒரு திறமை வந்துவிட்டது. ஒரு காலரைப் பார்த்தாலே யார் தைத்தது என்று சொல்லிவிடுவாள். “இது கள்ளிக்குப்பத்துக்காரி கை. முனையில கொஞ்சம் இழுத்துப் பிடிப்பா.” எனக்கு அது நம்ப முடியாததாக இருக்கும். எல்லாம் ஒரே மெஷின், ஒரே நூல், ஒரே அளவு. சட்டையில் கடைசியில் ஒட்டப்போவது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பெயர். அதில் எப்படி ஒருத்தியின் கை தெரியும்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பிற்பாடு செய்த தவறுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

*

2009-ல் எஸ்டேட்டிலேயே ஒரு பி.பி.ஓ.வில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மா போகும் அதே ரோடு, அதே ஷேர் ஆட்டோ. அவள் இறங்கும் ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி நான் இறங்குவேன், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு. முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். அதோடு ஆவடி மார்க்கெட்டில் பிளாட்பாரக் கடையில் ஒரு எம்பி3 சிடி. ‘ஸ்வர்ணலதா ஹிட்ஸ்.’ பழைய கேசட் பிளேயர் அதற்குள் பரண் ஏறிவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த சிடியைப் பற்றிய புகாரும்கூட. அதனால் அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அட்டை. அட்டையில் நான்கு நடிகைகளின் படம் இருந்தது. ஸ்வர்ணலதா படம் இல்லை. இது ஏதோ அந்தப் பிளாட்பாரக் கடைக்காரரின் சில்லறைத்தனம் என்று நினைக்க வேண்டாம். பின்னணிப் பாடகிகளின் தொகுப்புகள் பலவற்றுக்கும் அப்போது அதுதான் வழக்கம். குரல் ஒருத்தியுடையது, முகம் இன்னொருத்தியுடையது என்பதுதானே நம் சினிமாப் பாட்டின் அடிப்படை. அட்டையும் அதை விசுவாசமாகக் கடைப்பிடித்தது.

இரண்டாவது, ஆள் மாறாட்டம். 700 எம்பி சிடியில் ஏறக்குறைய 150 பாட்டு வரை ஏற்றலாம். இடத்தை நிரப்ப வேண்டுமே. மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’ இருந்தது. சுஜாதா பாடியது இரண்டு இருந்தது. இன்னும் சில யார் பாடியதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தொண்ணூறுகளில் மென்மையாக ஒரு பெண் பாடிவிட்டால் அது இந்த சிடிக்குள் வந்துவிடும்போலிருந்தது.

மூன்றாவது குறைதான் எனக்கு அதிகம் வலித்தது. ‘கருத்தம்மா’வில் ‘போறாளே பொன்னுத்தாயி’ இரண்டு முறை வரும். ஒன்று சந்தோஷமானது, உன்னி மேனனும் சுஜாதாவும் பாடியது. இன்னொன்று சோகம், ஸ்வர்ணலதா தனியாகப் பாடியது. 1994-ம் ஆண்டுக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அந்தச் சோகப் பாட்டு. சிடியில் இருந்தது சந்தோஷமானது. அதாவது, அவர் வாழ்க்கையில் வாங்கிய ஆகப் பெரிய விருதுக்கான பாட்டின் பெயரில், அவர் குரலே இல்லாத பாட்டு இருந்தது.

நான்காவது, வெட்டு. பாட்டின் ஆரம்ப இசை சிலவற்றில் இல்லை. ‘எவனோ ஒருவன்’ பாட்டில் புல்லாங்குழல் வந்து, கொஞ்சம் காத்திருக்க வைத்து, அதற்குப் பிறகுதான் குரல் வர வேண்டும். காத்திருப்பதுதான் அந்தப் பாட்டே. யாரோ எடிட் செய்த ஒரு கோப்பைச் சுட்டு இதில் போட்டிருந்தார்கள். குழலைப் பாதியில் வெட்டி, கதவைத் தள்ளிக்கொண்டு வருவதுபோலக் குரல் வந்தது.

ஐந்தாவது, வரிசை. வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆங்கில எழுத்துப்படி அடுக்கியிருந்தார்கள். ‘ஆட்டமா தேரோட்டமா’ முடிந்ததும் ‘அக்கடா’. இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருடமும், ஒரு இளையராஜாவும் ஒரு ரஹ்மானும் இருக்கிறார்கள். ஒரு பாடகி பதினான்கு வயதில் எப்படிப் பாடினார், பதினேழில் எப்படி, இருபத்தேழில் எப்படி என்று அதில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

*

பிளாட்பார சிடியில் போய் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு அசல் சிடியும் வாங்கினேன். ஹாலோகிராம் ஒட்டியது, 15 பாட்டு. ஒரு ஆடியோ சிடியில் எழுபத்தைந்து, எண்பது நிமிடம்தான் பிடிக்கும், அதனால் 15. ஒலி சுத்தமாக இருந்தது. ஆள் மாறாட்டம் இல்லை. ஆனால் பாதி ஸ்வர்ணலதாவைக் காணோம்.

காரணம் எளிமையானது. அந்த சிடி ஸ்வர்ணலதாவின் சிறந்த பாடல்கள் அல்ல. அந்தக் கம்பெனியிடம் உரிமை இருக்கிற படங்களில் ஸ்வர்ணலதா பாடியவை. ‘தளபதி’யின் உரிமை ஒரு கம்பெனியிடம், இன்னொரு படத்தினுடையது வேறு கம்பெனியிடம். எண்பதுகளின் பாட்டு ஒருவரிடம் என்றால் ரஹ்மான் வந்த பிறகு வந்த பாட்டெல்லாம் நாலைந்து பேரிடம். ஒரு பாடகி எல்லோருக்கும் பாடியிருப்பார். ஆனால் எந்தக் கம்பெனியும் மற்ற கம்பெனியின் பாட்டைத் தொட முடியாது. அதனால் எவ்வளவு நேர்மையான தொகுப்பாக இருந்தாலும் அது ஓட்டை. திருட்டு சிடிக்குத்தான் அந்தத் தடை கிடையாது. அதில் எல்லாம் இருக்கும், இருக்கக் கூடாததும் இருக்கும்.

வெளிநாட்டு பாப் பாடகர்களின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஆல்பங்களைப் பற்றியும் நிறையப் பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். 1958-ல் ஜானி மேதிஸுக்கு வந்த தொகுப்பைத்தான் இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ரசிகர்களின் புகார் ஒன்றேதான்: நல்ல பாட்டை விட்டுவிட்டார்கள், பிரபலமானதை மட்டும் போட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1992-ல் வந்த ‘ஆபா கோல்ட்’ ஆல்பத்தில் 19 பாட்டு. அதில் உங்களுக்குப் பிடித்தது இல்லையென்றால் ஆபாவின் ஒன்பது ஆல்பங்கள் தனியாக இருக்கின்றன, அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். தொகுப்பு என்பது அந்த வீட்டின் வாசல் மாதிரி.

நம் பின்னணிப் பாடகர்களுக்கு அந்த வீடு கிடையாது. அவர்கள் பாடியதெல்லாம் படத்தின் பெயரில், இசையமைப்பாளரின் பெயரில், கதாநாயகனின் பெயரில் சிதறிக் கிடக்கும். ‘முக்காலா’ என்றால் பிரபுதேவா ஞாபகம் வரும். ‘ராக்கம்மா’ என்றால் ரஜினி. 2002-ல் பிபிசி உலக சேவை வாக்கெடுப்பில் உலகின் பத்துப் பாட்டுகளில் ஒன்றாக ‘ராக்கம்மா’ வந்தபோது ஊரே இளையராஜாவைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். எஸ்.பி.பி.யையும் சொன்னார்கள். அந்தப் பாட்டில் பெண் குரல் யார் என்று எங்கள் பி.பி.ஓ.வில் கேட்டபோது மூன்று பேர் சித்ரா என்றார்கள். ஆக, ஸ்வர்ணலதா என்று ஒருவர் பாடினார் என்பதற்கு ஒரு சாதாரண ரசிகன் கையில் இருக்கும் ஒரே ஆவணம் இந்த ‘ஹிட்ஸ்’தான். அதில் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான்.

*

விட்டுப்போனவற்றில் சிலதைச் சொல்கிறேன்.

அவர் முதலில் பாடிய பாட்டு, 1987-ல், ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில். எம்.எஸ். விஸ்வநாதன் இசை. பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’, யேசுதாஸுடன். 1973-ல் பிறந்தவருக்கு அப்போது பதினான்கு வயது. கேரளத்துச் சித்தூரில் பிறந்து, கர்நாடகத்துச் சிமோகாவில் வளர்ந்த ஒரு சிறுமி, சென்னைக்கு வந்து, எம்.எஸ்.வி. முன்னால் நின்று, பாரதியைப் பாடுகிறாள். நான் வாங்கிய இரண்டு சிடியிலும் இந்தப் பாட்டு இல்லை. ‘ஹிட்’ ஆனதா ஆகவில்லையா என்று பார்த்தால் முதல் பாட்டுக்கெல்லாம் இடம் கிடைக்காது.

அடுத்து, அசல் சிடியில் எல்லாமே ஒரே மாதிரி மெலடி. ‘மாலையில் யாரோ’வில் ஆரம்பித்து, சோகமும் ஏக்கமும் ராத்திரியுமாகவே இருந்தது. எஃப்எம் ரேடியோக்களிலும் இதே கதை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஸ்வர்ணலதா. அதே தொண்டைதான் ‘ஆட்டமா தேரோட்டமா’ பாடியது. அதே தொண்டைதான் மனோவோடு ‘முக்காலா’வில் இங்கிலீஷ்க்காரி மாதிரி வெட்டி வெட்டிப் பாடியது. ‘உசிலம்பட்டி பெண்குட்டி’யில் சாகுல் ஹமீதோடு கிண்டல் செய்தது. ஒருவர் இறந்த பிறகு அவர் பாடிய சந்தோஷமெல்லாம் கணக்கில் இருந்து கழிந்துவிடுகிறது. தொகுப்பாளர்கள் அவரை இரங்கல் செய்திக்குப் பொருத்தமான ஆளாக மாற்றிவிடுகிறார்கள்.

‘சத்ரியன்’ வந்தது 1990-ல். அப்போது அவருக்குப் பதினேழு. ‘மாலையில் யாரோ’வைக் கேட்டுவிட்டு இதை யோசித்துப் பாருங்கள். நான் பதினேழு வயதில் ஆவடி ராம்ரத்னா தியேட்டர் வாசலில் டிக்கெட்டுக்கு அடிதடி போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று பணம். அப்போதெல்லாம் பாடகருக்குப் பாடிய அன்றைக்கு ஒரு தொகை, அதோடு சரி. அந்தப் பாட்டு எத்தனை தொகுப்பில் எத்தனை வருடம் விற்றாலும் பொதுவாகப் பங்கு கிடையாது. அறுபதுகளிலேயே லதா மங்கேஷ்கர் ராயல்டி வேண்டும் என்று கேட்க, முகமது ரஃபி வாங்கிய சம்பளத்தோடு முடிந்தது என்று சொல்ல, அதனால் இருவரும் சில வருடங்கள் சேர்ந்து பாடாமலே இருந்தார்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், பாடியவருக்கும் ராயல்டி உரிமை உண்டு என்பது சட்டத்தில் உறுதியானது. அதை வசூலிக்கப் பாடகர்கள் சேர்ந்து ‘இஸ்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்வர்ணலதா 2010-லேயே போய்விட்டார். ஆவடி பிளாட்பார சிடியாலும் அவருக்கு ஒரு பைசா போயிருக்காது, ஓ.டி. ரெக்கார்டிங் சென்டராலும் போயிருக்காது. அம்மாவின் கேசட்டை நான் புனிதமாக்க விரும்பவில்லை. அதுவும் திருட்டுதான்.

ஆனால் அந்தத் திருட்டுக் கேசட்டில் அந்த இரண்டு வரி இருந்தது.

*

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

2009-ல் சிடி வாங்கி வந்த அன்று ராத்திரி அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரிமோட் என் கையில். திரையில் பாட்டுகளின் பெயர் வரிசையாக ஓடியது. ஒவ்வொன்றாக வாசித்தேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே தலையாட்டினாள். எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

“அந்த உயிரே பாட்டு இல்லியா?”

“எது?”

“கேசட்டுல கடைசியா வரும்ல. பாதில நிக்குமே.”

“அது உன்னி மேனன் பாட்டும்மா.”

“அதுல ஒரு பொண்ணு வரும்டா. அது ஸ்வர்ணலதாதான்.”

நான் திரும்ப ஒருமுறை பட்டியலைப் பார்த்தேன். இல்லை. எனக்கு அப்போது வயது இருபத்தொன்று. கழுத்தில் அட்டை மாட்டி, ஏசி ரூமில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களின் இன்சூரன்ஸ் படிவத்தில் இருக்கும் தப்பைத் திருத்துகிற வேலை. பட்டியலில் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை என்பதுதான் என் தொழில்.

“இல்லம்மா. இருந்திருந்தா இதுல போட்டிருப்பாங்க. நூத்தம்பது பாட்டு போட்டிருக்கான், இதை விட்டிருப்பானா? அது கோரஸ் பாடுற யாராவது இருக்கும்.”

அம்மா ஒரு பூண்டுப் பல்லை உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். “இருக்கும்டா. எனக்கென்ன தெரியும்.”

எனக்கென்ன தெரியும் என்று அம்மா பல விஷயங்களுக்குச் சொல்வாள். பேங்க் சலானைப் பற்றிச் சொல்வாள், ரேஷன் கார்டு திருத்தத்தைப் பற்றிச் சொல்வாள். பாட்டைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது உறைக்கவே இல்லை. அதே சிடியில் ‘சின்னச் சின்ன ஆசை’ இருந்தது என்பதும், அதை மின்மினி பாடினார் என்று எனக்குத் தெரியும் என்பதும், அப்படியானால் அந்தப் பட்டியலே நம்பத் தகுந்தது இல்லை என்பதும் அந்த நிமிடம் என் புத்தியில் ஏறவில்லை. தப்புத் தப்பான பட்டியல் என்றாலும் அச்சில் இருந்தால், திரையில் வந்தால், அம்மாவின் காதைவிட அது பெரியது.

*

2010 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி. வீட்டில் மிச்சக் கொழுக்கட்டை இருந்தது. தெருமுனைப் பிள்ளையாருக்கு வைத்த ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. டிவியில் கீழே ஓடிய வரியில்தான் நான் பார்த்தேன். பாடகி ஸ்வர்ணலதா காலமானார், வயது 37. நுரையீரல் கோளாறு.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே அந்த வரி இன்னொரு முறை வரும்வரை காத்திருந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரமாகும். முழுதாக வாசிப்பதற்குள் ஓடிவிட்டது. மூன்றாவது முறைதான் முடித்தாள்.

“என்னைவிட எட்டு வயசு சின்னப் பொண்ணு” என்றாள்.

அழவில்லை. உள்ளே போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள். சாயங்காலம் வந்து, “அந்த சிடியைப் போடேன்” என்றாள். போட்டேன். ‘மாலையில் யாரோ’, அப்புறம் ‘என்னுள்ளே’, அப்புறம் யேசுதாஸோடு ‘மாசி மாசம்’. வெளியே பிள்ளையார் ஸ்பீக்கர். நடுவில் மின்மினி வந்தபோது நான் தாண்டிவிட்டேன்.

ஒரு கட்டத்தில் அம்மா கேட்டாள். “அந்த உயிரே பாட்டு... அது அவங்க பாடினது இல்லைன்னுதானே சொன்ன?”

“ஆமாம்மா.”

“சரி.”

பரணில் அந்தக் கேசட் இருந்தது, கேசட் பிளேயரும் இருந்தது. ஏணி போட்டு எடுத்தால் பத்து நிமிடம். என் கம்ப்யூட்டரில் ‘உயிரே’ பாட்டெல்லாம்கூட இருந்தன. கேட்டிருந்தால் போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவள் கேட்க விரும்பியது ஸ்வர்ணலதாவை. அந்தப் பாட்டு ஸ்வர்ணலதா இல்லை என்று படித்த மகன் சொல்லிவிட்டான். அதனால் கேட்கவில்லை.

*

2021 ஊரடங்கில் வீட்டை ஒழித்தபோது பரணில் இருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்கியது. அப்பாவின் டி.எம்.எஸ். கேசட்டுகள், அதற்கு நடுவே அம்மாவுடையது. அட்டையில் பச்சை மசி மங்கிப்போயிருந்தது, ஆனாலும் வாசிக்க முடிந்தது. பி சைடு, ஆறாவது: ‘பூங்காற்றிலே – உன்னி, ஸ்வர்ண.’ ரெக்கார்டிங் அண்ணன் எழுதியிருந்தார். அவர் ஒவ்வொரு அசல் கேசட்டையும் கையில் வைத்துப் பார்த்துப் பதிந்தவர், உள்ளே இருக்கும் தாளைப் படித்தவர். கேசட்டில் இடம் இல்லாமல் பாதிப் பாட்டைப் போட்டாலும் இரண்டு வரி பாடியவர் பெயரை விடாமல் எழுதியிருக்கிறார். போனை எடுத்துப் பாட்டு ஆப்பில் பார்த்தேன். ‘உன்னி மேனன், ஸ்வர்ணலதா.’

இது ஏதோ புதையல் இல்லை. யார் வேண்டுமானாலும் பத்து விநாடியில் பார்த்துவிடலாம். பன்னிரண்டு வருடத்தில் நான் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். அதே ஆப்பில் ‘ஸ்வர்ணலதா ஹிட்ஸ்’ என்று ஒரு பிளேலிஸ்டும் இருந்தது. திறந்து தேடினேன். அதிலும் ‘பூங்காற்றிலே’ இல்லை. தொகுப்பவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வரியை யார் ஹிட் என்று கணக்கெடுப்பார்கள்? ஒரு பாட்டை முழுதாகப் பாடினால்தான் அது உங்கள் பாட்டு. ஆனால் கேட்பவர்கள் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. என் அம்மாவுக்கு அந்தப் பாட்டே அந்த இரண்டு வரிதான். மற்றதெல்லாம் அந்த வரிக்காகக் காத்திருக்கிற நேரம்.

அம்மா அப்போது வேலையை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. இடது காது அவ்வளவாகக் கேட்காது. இருபது வருடம் மெஷின்களுக்கு நடுவில் இருந்ததுதான் காரணமா, வயதா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. டிவியை எங்களால் உட்கார முடியாத அளவு சத்தமாக வைப்பாள்.

“அம்மா, அந்த உயிரே பாட்டு. நீ சொன்னதுதான் சரி. அது ஸ்வர்ணலதாதான்.”

“எந்தப் பாட்டு?”

விளக்கினேன். கேசட்டைக் காட்டினேன். அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

“இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்.”

“நான்தான் இல்லன்னு சொன்னேன்.”

“சொன்னியா? இன்னாத்துக்குச் சொன்ன?”

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. 2010-ல் அந்தச் சாயங்காலம் கேட்டதும் ஞாபகம் இல்லை. நான் பத்து நிமிடமாக மனதில் சுமந்துகொண்டிருந்த குற்ற உணர்ச்சியை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று கேட்பாள்.

“போடு, கேப்போம்” என்றாள்.

போனை அவளுடைய வலது காதுப் பக்கம் பிடித்தேன். அந்தக் குரல் வந்தபோது கண்ணை மூடவில்லை, உருகவில்லை. செக்கிங்கில் பீஸைத் திருப்பிப் பார்ப்பாளே, அதே முகம். புருவத்தைக் கொஞ்சம் சுருக்கி, தலையைச் சாய்த்து.

“அந்தப் பொண்ணுதான். முடிக்கிற இடத்துல காத்தைக் கொஞ்சம் விட்டு விட்டு முடிப்பா. எல்லாப் பாட்டுலயும் அப்படித்தான்.”

நான் அதைக் கவனித்ததே இல்லை. அன்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். ‘மாலையில் யாரோ’, ‘எவனோ ஒருவன்’, ‘போறாளே பொன்னுத்தாயி’ சோகப் பாட்டு. அம்மா சொன்னது எனக்கும் கேட்பது மாதிரி இருந்தது. சொன்னதால் கேட்கிறதா, உண்மையிலேயே இருக்கிறதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அந்தக் காது எனக்கு இல்லை.

*

இதற்குப் பிறகு நானே ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். வருட வரிசைப்படி. ‘சின்னஞ்சிறு கிளியே’யில் தொடங்கி. பாடியவர் பெயரை ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்து, வெட்டாத பாட்டாகத் தேடி. கம்பெனி கம்பெனியாகச் சிதறிக் கிடந்ததெல்லாம் இப்போது ஒரே ஆப்பில் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த ஒரு வசதி எங்கள் தலைமுறைக்கு இருக்கிறது. வசதி இருந்தும் ஆப்பே தரும் பிளேலிஸ்டை அப்படியே ஓடவிட்டுவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.

நாற்பது பாட்டு வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்த முறை நான் வாசித்தேன், அவள் செக்கிங் செய்தாள். இரண்டு பாட்டை வேண்டாம் என்றாள். ஒன்றை, “இது அவ உடம்பு சரியில்லாதப்போ பாடினதுபோல இருக்கு, வேணாம்” என்றாள். அது உண்மையா என்று எங்கேயும் பார்த்து உறுதி செய்ய முடியாது. எடுத்துவிட்டேன்.

“ராக்கம்மாவை எடுத்துடு.”

“ஏம்மா? அதான் பெரிய ஹிட்டு.”

“அது எங்க போனாலும் போடுவான். நம்ம இன்னாத்துக்குப் போடணும்?”

அதையும் எடுத்தேன். கடைசியில் ‘பூங்காற்றிலே’யைச் சேர்த்தேன். அம்மா அதைத் தினமும் கேட்கிறாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எப்போதாவது, மத்தியானம் சாப்பிட்ட பிறகு, போடச் சொல்வாள். பாட்டு இப்போது முழுதாக ஓடுகிறது. பழைய கேசட் நின்றுவிடும் இடம் வரும்போது மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நொடி அந்த ‘டக்’குக்காகக் காத்திருக்கிறோம்.